செம்பி வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்

நாய்க்கு வீடு கட்டுவதில் என்ன இருக்கிறது, நாலு பலகை, ஒரு தகரம், கொஞ்சம் ஆணி என்று நினைத்துத்தான் நாங்களும் இறங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றார் இவர். அந்த ஞாயிற்றுக்கிழமை முடிய இரண்டு வருஷம் ஆயிற்று. நடுவில் ஒரு வீடு ஊறி உப்பிப் போனது, என் வலதுகைச் சுட்டுவிரல் பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது, ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு நான் நைட்டியோடு மழையில் நின்று சுத்தியலால் பலகையை அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே ஒரு கேள்வியால் வந்தது. வாசலை எந்தப் பக்கம் வைப்பது?

எங்கள் வீடு செங்கோட்டைக்கு மேற்கே, புளியரை போகிற வழியில், வயலை ஒட்டி இருக்கிறது. மொட்டைமாடியில் நின்றால் மலை தெரியும், மலைத்தொடரின் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு இடைவெளியும் தெரியும். அதுதான் கணவாய். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறினால் கோட்டைவாசல், அப்புறம் ஆரியங்காவு, கேரளம். ரோடும் ரயிலும் அந்த வழியாகத்தான் போகின்றன, காற்றும் அந்த வழியாகத்தான் வருகிறது. அரபிக்கடலில் கிளம்பிக் கேரளத்தை நனைத்துவிட்டு வரும் தென்மேற்குக் காற்று வேறெங்கும் மலையில் முட்டிக்கொள்ளும், இங்கே மட்டும் சந்து கிடைத்து உள்ளே நுழைந்துவிடும். அதனால் ஆனி, ஆடியில் தமிழ்நாட்டில் பாதிப்பேர் தண்ணீருக்கு அலையும்போது எங்கள் ஊரில் துணி காயாது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் "ஆகா, சாரல்" என்று இரண்டு நாள் நனைந்துவிட்டுப் போவார்கள். நாங்கள் மூன்று மாதம் ஈர உப்போடு குடித்தனம் நடத்துவோம்.

சரி, மேற்கிலிருந்து மட்டும் மழை வந்தால் கவலை இல்லை, கிழக்கே வாசல் வைத்துவிட்டுப் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அறையும். இரண்டு மழையும் வாங்குகிற ஊர் இது. விவசாயத்துக்கு வரம். நாய்வீடு கட்டுகிறவனுக்குத் தலைவலி.

பழைய புத்தகங்களில் காற்றுக்கு நாலு பெயர் படித்திருப்போம். கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை. மேல்காற்றுக்குக் கோடை என்று பெயர் வைத்தவர் நிச்சயம் செங்கோட்டைக்காரர் இல்லை. எங்கள் ஊர் மேல்காற்று குளிரும், நனைக்கும், கூடவே குடையைத் திருப்பிப் போடும்.

செம்பி இந்த ஊர்க்காரி இல்லை. கோவில்பட்டிப் பக்கம், கரிசல்காட்டில் என் நாத்தனார் வீட்டில் பிறந்தவள். அம்மா சிப்பிப்பாறை, அப்பா யாரென்று யாருக்கும் தெரியாது. கூர் முகம், உள்ளொடுங்கிய வயிறு, செம்புக்குடத்தைப் புளி போட்டு விளக்கின நிறம். அந்த வகை நாய்க்கு உடம்பில் கொழுப்பு கிடையாது, முடியும் வெல்வெட் துணி போலத்தான் இருக்கும். வெயிலில் முயல் துரத்துவதற்காக வளர்த்த உடம்பு. அதைக் கொண்டுவந்து சாரலில் விட்டோம். முதல் ஆனி மாதம் பைக் நிறுத்துகிற இடத்தில் படுத்து, பல் தந்தியடிக்க என்னைப் பார்த்தாள். வீட்டுக்குள் விடலாம்தான், ஆனால் என் மாமியாருக்கு வீசிங் உண்டு, நாய்முடி ஆகாது. அதனால்தான் வெளியே ஒரு வீடு.

இவர் இணையத்திலிருந்து ஒரு படம் எடுத்தார். அமெரிக்காக்காரன் போட்ட படம், அளவெல்லாம் அங்குலத்தில், அழகாக இருந்தது. சின்னப் பெட்டி. நாய் சுருண்டு படுத்தால் சரியாக இருக்கும், மிச்ச இடம் கிடையாது. சுவருக்குள் தெர்மாகோல், வாசலுக்கு ரப்பர் திரை. அவன் ஊரில் பனி கொட்டும். இடம் சின்னதாக இருந்தால்தான் நாயின் உடம்புச் சூடே உள்ளே தேங்கி நாயைக் காப்பாற்றும். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பனிக்கு எழுதின மருந்தைச் சாரலுக்குக் குடித்தது நாங்கள்தான்.

கடையில் கமர்ஷியல் ப்ளைவுட் வாங்கினோம். ப்ளைவுட் பலகையில் ஐ.எஸ். எண், அதாவது இந்தியத் தர எண், அச்சடித்திருக்கும். 303 என்றால் பொது உபயோகத்துக்கு, பெரும்பாலும் வீட்டுக்குள்ளே வைக்கிற சாமானுக்கு. 710 என்றால் மெரைன், தண்ணீருக்குத் தாங்கும், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குப் பலகையைத் திருப்பிப் பார்க்கவே தோன்றவில்லை. மேலே தகரம் போட்டோம். வாசலை மேற்கே, கேட்டைப் பார்த்து வைத்தோம், காவல் நாய் கேட்டைப் பார்க்க வேண்டாமா என்பது இவருடைய வாதம். பெயின்டும் அடித்தோம். சின்னவன் "செம்பி இல்லம்" என்று எழுதினான்.

ஜூன் முதல் வாரம் காற்று திரும்பியது. திறந்த வாயில் புனல் வைத்து ஊற்றின மாதிரி சாரல் நேரே உள்ளே போனது. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் செம்பி வெளியே பாய்ந்தவள் திரும்ப அந்தப் பக்கம் போகவே இல்லை, மோட்டார் ரூமுக்குள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள். ஜூலையில் ப்ளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்து, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்தது. ஆகஸ்டில் அதன்மேல் வெள்ளையாகக் குட்டிக் குட்டிக் காளான். "செம்பி இல்லம்" என்ற எழுத்தில் "இல்லம்" விழுந்து "செம்பி" மட்டும் நின்றது. மாமியார் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆசாரி அண்ணாச்சி வந்தது எங்கள் கொல்லைக் கதவைச் சரிபண்ண. எழுபது வயதுக்குமேல் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேலை பார்த்தவர், பேச்சில் பாதி மலையாளம் வரும். பிரிந்து கிடந்த ப்ளைவுட்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது என்ன தாயி, கோழிக்கூடா?"

"நாய்க்குக் கட்டினது அண்ணாச்சி."

"நாயி எங்க?"

மோட்டார் ரூமைக் காட்டினேன். "அதுக்குப் புத்தி உண்டு" என்றார்.

அப்புறம் கதவு வேலையை மறந்துவிட்டுத் தோட்டத்தில் சுற்றினார். எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும், தென்னை மட்டை எங்கே விழும், சாயந்திரம் நிழல் எதுவரை வரும் என்று கேட்டுக்கொண்டே நடந்தார். நாங்கள் கேட்டைத் தவிர எதையும் யோசித்திருக்கவில்லை. செம்பியைக் கூப்பிட்டு நிற்கவைத்து அளந்தார். தோள் உயரம் 62 சென்டிமீட்டர், மூக்கிலிருந்து வால் முளைக்கிற இடம்வரை 88. டேப்பில் அளந்ததை அப்படியே விடாமல் விரல் கணக்குக்கு மாற்றினார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். எல்லை பிரித்தபோது தாலுகாவின் கிழக்குப் பாதி இங்கே வந்தது, ஆரியங்காவு அங்கேயே நின்றது. கோடு மாறினாலும் தச்சுக் கணக்கு மாறவில்லை. கேரளத் தச்சில் 24 விரல் ஒரு கோல். கோல் என்றால் 72 சென்டிமீட்டர், அதாவது விரலுக்கு 3. வீட்டின் சுற்றளவைக் கோலில் எடுத்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்து, மீதி என்ன வருகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு யோனிப் பொருத்தம் என்று பெயர். ஒன்று வந்தால் கொடி, இரண்டு புகை, மூன்று சிங்கம், நாலு நாய், ஐந்து எருது, ஆறு கழுதை, ஏழு யானை, மீதியே வராவிட்டால் காகம். ஒற்றைப்படை நல்லது, இரட்டைப்படை ஆகாது. நாய் மீதி வருகிற அளவில் எந்த ஆசாரியும் மனிதருக்கு வீடு கட்டமாட்டார்.

அண்ணாச்சி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ப்ளைவுட் துண்டிலேயே கணக்குப் போட்டார். நீளம் 45 விரல், அகலம் 35. சுற்றளவு 160 விரல், அதாவது 6 கோல் 16 விரல். மூன்றால் பெருக்கினால் 20. எட்டால் வகுத்தால் மீதி நாலு. பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பல் இல்லாத ஈறெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அம்பது வருசமா இந்த நாலு வந்துரக் கூடாதுன்னு பயந்து பயந்து கோல் வச்சிருக்கேன் தாயி. இன்னைக்கு ஒருநாளாவது வேணும்னே வைக்கேன்."

எனக்கு வாஸ்துவில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த 135க்கு 105 சென்டிமீட்டரை ஒரு விரல்கூட மாற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அளவும் தப்பில்லை. நம் ஊருக்கு இப்படித்தான் இருக்கவேண்டும், நாய் நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தாராளமாக.

மரத்துக்கு நான் முதலில் ரப்பர் மரம் கேட்டேன். மலையைத் தாண்டினால் எங்கும் ரப்பர்தான், இருபத்தைந்து முப்பது வருஷத்தில் பால் வற்றினதும் வெட்டிவிடுவார்கள், சல்லிசாகக் கிடைக்கும். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. ரப்பர் மரத்தில் மாவும் இனிப்பும் அதிகம், போரான் மருந்து ஏற்றாமல் வைத்தால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். மருந்து ஏற்றினாலும் கூரைக்கு அடியில்தான் நிற்கும், மழையில் நனைந்தால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். "நாற்காலிக்கு ஆகும், நாய்க்கு ஆகாது" என்றார். தேக்கு எங்கள் பைக்கு ஆகாது. கடைசியில் ஆஞ்சிலி.

ஆஞ்சிலி பலாவுக்குச் சொந்தக்கார மரம், நாகர்கோவில் பக்கம் அயினி என்பார்கள். ஆலப்புழையில் நூறு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்களே, அந்தச் சுண்டன் வள்ளம் ஆஞ்சிலியில் செய்ததுதான். தண்ணீரில் கிடந்து பழகின மரம், கறையானும் சுலபத்தில் தொடாது. செங்கோட்டையில் ஒரு பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சுப் பலகை, கைமரம், கொஞ்சம் ஓடு எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய்க்குப் பேசி எடுத்தோம். மேலே புகைக்கரி அப்பிக் கறுப்பாக இருந்தது. அண்ணாச்சி இழைப்புளியால் ஒரு இழுப்பு இழுத்தார், சுருள் சுருளாக உதிர்ந்த சிராய்க்குக் கீழே தேன் நிறத்தில் மரம் இருந்தது. குறைந்தது அறுபது எழுபது வருஷம் யாரோ ஒரு வீட்டுக்காரர் தலைக்குமேல் காய்ந்துகொண்டிருந்த மரம். இனி அது முறுக்கவும் முறுக்காது, வெடிக்கவும் வெடிக்காது. ஒரு சிராயை எடுத்து மோந்து பார்த்தேன், புளிச்ச பழவாசனை லேசாக வந்தது. செம்பியும் மோந்து பார்த்துத் தும்மினாள்.

வாசல் விஷயத்துக்கு வருகிறேன். மேற்கே வைத்தால் சாரல், கிழக்கே வைத்தால் ஐப்பசி மழை. வடக்கேயும் ஆகாது, கார்த்திகையில் மழை சுற்றிச் சுற்றி அடிக்கும். தெற்கே வைக்கலாம் என்றேன். தெற்கே கழனித்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், அதில்தான் கொசு. இவர் இரட்டைச் சுவர், நடுவில் தடுப்பு என்று ஒரு படம் வரைந்தார், பார்த்தால் ரேஷன் கடைக் கம்பி வரிசை மாதிரி இருந்தது. அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "வாசலை எதுக்கு ஒரே எடத்துல வைக்கணும்? அது நடக்கட்டும்" என்றார்.

பழைய கடைகளுக்கு ஷட்டர் வருவதற்கு முன்னால் நிரைப்பலகை இருந்தது. மேலே ஒரு காடி, அதாவது பலகை நுழைகிற பள்ளம், கீழே ஒரு காடி, நடுவில் செங்குத்தாக ஒவ்வொரு பலகையாக நிறுத்துவார்கள். காலையில் கழற்றி வரிசையாகச் சாத்தினால் கடை திறந்தாச்சு, ராத்திரி எண் பார்த்து மாட்டினால் பூட்டியாச்சு. அதையே நாய்வீட்டுக்கு வைத்தார். கிழக்கு முகமும் மேற்கு முகமும் முழுக்க நிரைப்பலகை. வடக்கும் தெற்கும் நிரந்தரச் சுவர், பலகைமேல் பலகை ஏறி உட்கார்ந்த மாதிரி. 45 விரலில் மூலைக்கால் இரண்டுக்கும் ஐந்து விரல் போனால் மீதி 40, பலகைக்கு ஐந்து விரல், ஆக முகத்துக்கு எட்டுப் பலகை. மூன்றைக் கழற்றினால் 45 சென்டிமீட்டர் வாசல். மிச்சம் ஐந்துக்குப் பின்னால் செம்பி சுருண்டு படுக்கலாம், காற்று அவள்மேல் படாமல் எதிரே போய் முட்டும். சாரல் காலத்தில் மேற்கை முழுசாக மூடி, கிழக்கே மூன்றைத் திறக்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் தலைகீழாக. சித்திரையில் இரண்டு பக்கமும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும்.

மேல்காடி ஒரு அங்குல ஆழம், கீழ்க்காடி அரை அங்குலம். பலகையை மேலே தூக்கி நுழைத்து, அப்புறம் கீழே இறக்கினால் உட்கார்ந்துவிடும். ஆணி இல்லை, கீல் இல்லை. அண்ணாச்சி உளியையும் கொட்டாப்புளியையும் வைத்து அந்தக் காடியை வெட்டினதை நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பென்சில் கோட்டுக்கு உள்ளே ஒரு மயிரிழை விட்டு வெட்டுவார், அப்புறம் அந்த மயிரிழையை மட்டும் உளியைக் கையாலேயே தள்ளிச் சீவுவார். காடிக்குள் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் எங்கே தடுக்கிறதோ அங்கே மறுபடி ஒரு சீவல். பக்கத்து வீட்டுப் பையன் ரௌட்டர் மெஷினால் பத்து நிமிஷத்தில் போட்டுத் தருகிறேன் என்று வந்து நின்றான். "போட்டுக்கோ, ஒன் வீட்டுக்கு" என்றார்.

பலகைக்கெல்லாம் எண் எழுதினோம். மேற்குக்கு மே-1 முதல் மே-8 வரை, கிழக்குக்கு கி-1 முதல் கி-8 வரை. சின்னவன் மே என்றால் மே மாதம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அதுவும் சரியாகத்தான் வருகிறது, மே கடைசியில்தான் மாட்டுகிறோம்.

தரைமட்டத்திலிருந்து பத்து விரல் உயரத்தில் தளம். மூலைக்கால் நாலும் மண்ணைத் தொடக்கூடாது, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கருங்கல். கறையான் கல்லில் ஏறினால் மண்கோடு போட்டுத்தான் ஏறும், கண்ணில் பட்டால் தேய்த்துவிடலாம். காலின் அடிப்பாகத்துக்கு மட்டும் முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய். கொல்லத்தில் முந்திரி உடைக்கிற ஆலைகள் எத்தனையோ உண்டு, கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு எண்ணெயை அந்தப் பக்கம் படகுக்கும் மரத்துக்கும் பூசுவார்கள். சேங்கொட்டை, மாம்பால், இது எல்லாம் ஒரே குடும்பம். கையில் பட்டால் வெந்துபோகும் என்று அண்ணாச்சி சொன்னார். நான் க்ளவுஸ் போட்டேன், ஆனால் சுட்டுவிரலில் ஓட்டை இருந்ததைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கொப்புளம், பத்தாம் நாள் தோல் முழுசாகக் கழன்றது. அதனால் சொல்கிறேன், நாய் நக்குகிற, கடிக்கிற இடத்தில் இதைப் பூசவே பூசாதீர்கள். நாங்கள் கல்லிலிருந்து ஒரு சாண் மட்டும் பூசி, நன்றாகக் காய்ந்து பிசுபிசுப்பு போகிறவரைக்கும் செம்பியை அந்தப் பக்கம் விடவில்லை. வண்டியில் வடித்த பழைய ஆயிலை அடிக்கச் சொல்லிப் பலபேர் யோசனை சொன்னார்கள். அது இன்னும் மோசம், காயவே காயாது, நாய் உடம்பில் ஒட்டி நாக்குக்குப் போகும். உள்பக்கம் எதுவுமே பூசவில்லை, வெறும் மரம்.

கூரைக்கு மங்களூர் ஓடு. பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1865இல் மங்களூரில் ஆரம்பித்த வேலை, மேற்குக் கடற்கரை முழுக்கப் பரவி மலை தாண்டி இங்கேயும் வந்துவிட்டது. ஓட்டுச் சந்தில் காற்று கசியும், தண்ணீர் கசியாது. தகரம் மாதிரி பேயறைச்சல் போடாது, வெயிலில் கொதிக்கவும் கொதிக்காது. ஆனால் கனம். இறவாரத்தோடு சேர்த்து நாற்பத்தைந்து ஓடு பிடித்தது, நூறு கிலோவுக்குக் குறையாது. ஆகவே இனி நகர்த்துகிற பேச்சே இல்லை. கூரை போட்ட மறுவாரம் குரங்குகள் வந்து இரண்டு ஓட்டைப் புரட்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தன. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒன்றை உடைத்துவிட்டுப் போயின.

வீடு தயார். செம்பி போகவில்லை. ஒருநாள் சோற்றை உள்ளே வைத்தோம், கழுத்தை மட்டும் நீட்டித் தின்றுவிட்டு வந்தாள். எலும்பு வைத்தோம், எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனாள். ஒன்பது நாள். கடைசியில் சின்னவன் தலையணையோடு உள்ளே போய்ப் படுத்துக் கதைப்புத்தகம் படிக்க ஆரம்பித்தான். இரண்டு நாள் வாசலில் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் உள்ளே புகுந்து, அவனைப் பின்னங்காலால் உதைத்து உதைத்து வெளியே தள்ளினாள்.

அந்த வருஷச் சாரலுக்கு உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நாங்கள் பெருமையாக எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினோம். அங்கேதான் ஒரு தப்புக் கணக்கு ஒளிந்திருந்தது. பலகையை இழைத்து மாட்டினது சித்திரையில், மரம் எலும்பாகக் காய்ந்திருந்தபோது. மரம் ஈரத்தில் நீளவாக்கில் நீளாது, அகலவாக்கில் ஊதும். பலகைக்கு இரண்டு மில்லிமீட்டர் என்றாலும் எட்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குமேல் ஆயிற்று. அண்ணாச்சி காசு கனத்துக்கு இடைவெளி விட்டுத்தான் இருந்தார், மூன்று மாதச் சாரல் அதையும் தின்றுவிட்டது. ஐப்பசியில் ஒரு ராத்திரி கீழ்வானத்தில் இடி கேட்டது. கிழக்கு வாசல் திறந்து கிடக்கிறது, மேற்கைக் கழற்றிக் கிழக்கை மூடவேண்டும். இவர் ஊரில் இல்லை. டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மே-1ஐத் தூக்கினேன். அசையவில்லை. மே-4, மே-8, எதுவும் அசையவில்லை, எட்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி நின்றன. சுத்தியலால் அடித்தேன். மழை வந்துவிட்டது. உள்ளே செம்பி என்னையும் டார்ச்சையும் மாறி மாறிப் பார்த்தாள், நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து வாலை ஆட்டி ஆட்டிப் பலகையில் தட்டினாள். கடைசியில் கிழக்கு வாசலுக்கு ஒரு பழைய ஃப்ளெக்ஸைக் கட்டித் தொங்கவிட்டேன். யாரோ ஒரு வார்டு வேட்பாளரின் படம் போட்டது. அவர் கும்பிட்டபடி அந்த மழை முழுக்க என் நாயைக் காவல் காத்தார்.

அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் ஒன்றும் வருத்தப்படவில்லை. "கடைக்குப் போடுற பலகையத் தெனமும் கழத்தி மாட்டுவான், அதனால பிடிக்காது. நீ மூணு மாசம் தொடாம விட்டா அது சொந்தம் கொண்டாடும்" என்றார். ஒவ்வொரு பக்கமும் எட்டாவது பலகையில் அரை விரல் சீவி எடுத்தார், காடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். அதற்கப்புறம் நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிறேன். மரம் பிடிக்காமல் இருக்கத்தான் ஆரம்பித்தேன், அதில் இன்னொரு வேலையும் முடிகிறது. உண்ணி. நாய் உடம்பில் இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவரில் ஏறி, சந்துபொந்தில் முட்டை வைக்கும், ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில். உண்ணிக் காய்ச்சலில் நாய்கள் செத்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆணி அடித்த பெட்டியில் சந்துக்குள் கை போகாது. இதில் எல்லாச் சந்தும் திறக்கும். பலகையை வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் சாய்த்துவிட்டு, காடியைப் பழைய டூத் ப்ரஷால் சுரண்டுகிறேன். நாய்க்கு மருந்து தனி, அதை மாட்டு டாக்டர் சொன்னபடி கொடுக்கிறோம். படுக்கைக்குச் சாக்கு போடுவதில்லை, ஈரம் பிடித்தால் காயாது. மாமனாரின் பழைய நாலு முழ வேட்டி, நாலாக மடித்து, வாராவாரம் துவைத்து.

ராத்திரி சங்கிலி போடுவதில்லை. மலையடிவாரம் என்பதால் சிறுத்தை பயம் எப்போதும் உண்டு, அதற்கு நாய் என்றால் உயிர். கட்டிப்போட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை. சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு வந்தால் எட்டையும் எட்டையும் மாட்டி உள்ளே வைத்துவிடுவேன், கீழ்க்காடிக்கு மேல் குறுக்கே ஒரு கம்பி. அவளுக்குப் பிடிக்காது, விடியவிடியப் பேசிக்கொண்டே இருப்பாள்.

வெயில் காலத்தில், உண்மையைச் சொன்னால், மத்தியான நேரம் அவள் உள்ளே இருப்பதே இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். என்ன வீடு கட்டினாலும் மாமர நிழலுக்கும் ஈரமண்ணுக்கும் ஈடாகாது. தளத்துக்குக் கீழே பத்து விரல் விட்டோமே, காற்றுக்கு என்று, அங்கே குழி தோண்டி வைத்திருக்கிறாள். ஆக, மேல்வீடு ஒன்று, கீழ்வீடு ஒன்று. கணக்குப் போட்டது மேல்வீட்டுக்குத்தான், கீழ்வீட்டுக்கு என்ன மீதி வரும் என்று அண்ணாச்சியைக் கேட்கவேண்டும்.

நேற்று மத்தியானம் கணவாய்ப் பக்கம் மூடம் போட்டது. கொடியில் துணி கிழக்கே பார்த்துப் பறக்க ஆரம்பித்தது. மோட்டார் ரூம் சுவரில் சாத்தியிருந்த பலகைகளை எடுத்து மேற்கை மாட்ட ஆரம்பித்தேன். மே-1லிருந்து மே-5 வரை மெழுகில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. மே-6ஐக் காணவில்லை. ரூமுக்குள் தேடினேன், விறகுக்குள் தேடினேன், சின்னவன் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பாக எடுத்தானோ என்று அவனைத் திட்டியும் பார்த்தேன். தூறல் விழ ஆரம்பித்தபோதுதான் மாமரத்தடியைப் பார்த்தேன். செம்பி பலகைமேல் நீட்டிப் படுத்திருந்தாள், தாடைக்குக் கீழே "மே" தெரிந்தது. கூப்பிட்டேன். ஒரு கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.